ஆயில் குச்சியில் இரண்டு வெட்டு

எனக்குத் திட்டத் தெரிந்த அளவுக்கு நன்றி சொல்லத் தெரியாது. முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை மேய்த்தவளுக்கு வாய் எப்படி இருக்குமோ அப்படித்தான் என் வாய். இப்போது எழுத உட்கார்ந்திருப்பது நன்றி சொல்லத்தான். ஒரு சின்ன வெள்ளைக் காருக்கு, சிதம்பரத்தில் அதைப் பார்த்துக்கொண்ட ஒரு மெக்கானிக் அண்ணனுக்கு, என் வீட்டுக்காரருடைய வலது கை ஆள்காட்டி விரலுக்கு. திட்டும் இருக்கிறது. அது இந்தத் தடவை முழுக்க எனக்கு.

என் வீட்டுக்காரர் பஸ் டிரைவர். கடலூர் சிதம்பரம் ரோட்டில் இருபது வருஷத்துக்கு மேல் ஓட்டியவர். சர்க்கரை நோய் அவர் கண்ணைத் தின்றது. 2004-ல் இடது கண் முழுதாகப் போனது. வலது கண்ணில் வெளிச்சமும் நிழலும் மட்டும் மிஞ்சின. எதிரே ஏதோ நிற்பது தெரியும். அது நானா கதவா என்று தெரியாது. "கதவா இருந்தா கத்தாது, அத வெச்சுக் கண்டுபுடிச்சுக்குவேன்" என்று கிண்டல் செய்வார். அப்படிப் பேசிப் பேசியே அந்த வருஷத்தைத் தள்ளினார். வேலையை விட்டு வந்ததும் கையில் கிடைத்த பணத்தில் அடுத்த வருஷமே ஒரு பழைய காரை வாங்கி வாசலில் கொண்டுவந்து நிறுத்தச் சொன்னார்.

"இத யாருங்க ஓட்டப் போறது?" என்று கேட்டேன்.

"நீதான்."

எனக்கு அப்போது ஐம்பத்தொரு வயது. சைக்கிள்கூட ஓட்டியதில்லை.

டிரைவிங் ஸ்கூலில் பழகி லைசென்ஸ் வாங்கினேன். ஆனால் உண்மையில் என்னை ஓட்ட வைத்தது இவர் காது. பக்கத்து சீட்டில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ரோடு தெரியாது, ஆனால் வண்டி படும் பாடு முழுக்கத் தெரியும். "கிளட்சுல காலை வெச்சுக்கினே ஓட்டாத, அது இன்னா கால் வெக்கிற பலகையா?" என்பார். "கத்துது பாரு, மூணாவதுக்கு மாத்து" என்பார். நான் சும்மா இருப்பேனா? "ஒக்காந்துகினு சொல்லிடுவீங்க! எதுர்ல வர்ற லாரி என்னைப் பாத்துதானே வருது!" என்று கத்துவேன். சண்டை போட்டுக்கொண்டே புதுச்சத்திரம் வரைக்கும் போய்த் திரும்புவோம். இரண்டு மாதத்தில் வண்டி என் கைக்கு வந்துவிட்டது.

வந்தது நல்லதாகப் போயிற்று. அடுத்த வருஷம் என்னைக் கீரப்பாளையம் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்குத் தலைமை ஆசிரியையாக மாற்றினார்கள். எங்கள் வீடு திருப்பாதிரிப்புலியூரில். போக வர நூறு கிலோமீட்டர். அகலப் பாதை வேலைக்காக ரயிலையும் நிறுத்திவிட்டார்கள். பஸ்ஸில் நான் மட்டும் போய்விடலாம்தான். ஆனால் இவரை வீட்டில் தனியாக விட முடியாது. ஒருமுறை சர்க்கரை இறங்கிச் சமையலறையில் விழுந்து, நான் வரும்வரை தரையிலேயே கிடந்தார். மகள் கல்யாணமாகி வெளியூரில் இருக்கிறாள். கூட்டிக்கொண்டு பஸ்ஸில் போகலாம் என்றால் அதற்கும் மறுத்துவிட்டார். "என் சீட்டுல இன்னொருத்தன் ஒக்காந்திருப்பான். பாவம்னு எறங்கி வந்து என்னைக் கைத்தாங்கலா ஏத்துவான். அது வேணாம்" என்றார்.

அதனால் தினமும் இரண்டு பேரும் காரில் கிளம்பினோம். காலையில் சிதம்பரத்தில் மெக்கானிக் அண்ணன் ஷெட்டில் இவரை இறக்கிவிட்டு நான் பள்ளிக்கூடம் போவேன். சாயங்காலம் திரும்பும்போது ஏற்றிக்கொள்வேன். அந்த அண்ணன் இவரோடு பஸ் டிப்போவில் வேலை பார்த்தவர், பிறகு தனியாக ஷெட் போட்டுக்கொண்டார். இவரை மச்சான் என்பார், அதனால் நான் அவருக்குத் தங்கச்சி. முதல் நாள் நான் தயங்கித் தயங்கி, "பகல்ல மட்டும் ஒரு ஓரமா ஒக்காந்திருக்கட்டும்ண்ணே" என்று கேட்டபோது, "ஓரமா ஒக்கார வெக்கவா? வேல வாங்குவேன் தங்கச்சி, எனக்கு ஆள் இல்ல" என்றார். வாய்ப்பேச்சாகச் சொல்லவில்லை, அப்படியே செய்தார். ஒரு டப்பா நிறையக் கலந்து கிடந்த நட்டு போல்ட்டுகளை முன்னால் கொட்டி, அளவு வாரியாகப் பிரிக்கச் சொன்னார். இவர் விரலால் தடவிப் பார்த்தே பத்து, பன்னிரண்டு, பதினாலு என்று தனித்தனியாகப் போட்டுவிட்டார். வெள்ளிக்கிழமை மதியம் அண்ணன் தொழுகைக்குப் போகும்போது ஷெட்டை இவர் பொறுப்பில் விட்டுவிட்டுப் போவார். திரும்பி வந்து, "எவனாவது எதையாவது தூக்கிக்கினு போனானா மச்சான்?" என்று கேட்பார். "தூக்கிக்கினு போனா எனக்கா தெரியப் போவுது?" என்று இவர் சொல்ல, இரண்டு பேரும் சிரிப்பார்கள். கண் போன பிறகு இவரை வேலை செய்ய வைத்தது அந்த அண்ணன் ஒருவர்தான். அவர் நன்றாக இருக்க வேண்டும்.

ஐயாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் மாற்ற வேண்டும். எங்கள் கணக்கில் அது ஐம்பது பள்ளிக்கூட நாள். எஞ்சின் சூடாக இருக்கும்போதே அடியில் உள்ள நட்டைக் கழற்றிப் பழைய ஆயிலைத் தகர டின்னில் வடிய விடுவார் அண்ணன். கறுத்த ஆயில் கயிறு போல இறங்கும். இவர் குந்தி உட்கார்ந்து அதில் ஒரு சொட்டு எடுத்து ஆள்காட்டி விரலுக்கும் கட்டை விரலுக்கும் நடுவில் தேய்ப்பார். மண் நெருடுகிறதா, வழவழப்பு மிச்சம் இருக்கிறதா என்று பார்ப்பார். "ஏர் ஃபில்டரத் தட்டிப் போடு, தூசு உள்ள போவுது" என்பார். அண்ணன் கழற்றிப் பார்த்தால் அப்படித்தான் இருக்கும். "மச்சான் வெரலு வெச்சுச் சொன்னா லேப் ரிப்போர்ட்டு தங்கச்சி" என்பார் என்னிடம். பிறகு ஃபில்டரை மாற்றி, நட்டை முடுக்கி, புது ஆயிலை ஊற்றுவார்கள். பழைய ஆயில் வீணாகாது. மரக்கட்டைக்குக் கரையான் வராமல் பூச என்று யாராவது கேன் கொண்டுவந்து வாங்கிப் போவார்கள்.

எஞ்சினில் ஆயில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க ஒரு மெல்லிய கம்பி உண்டு. எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் ஆயில் குச்சி. உருவித் துடைத்துவிட்டு மறுபடி உள்ளே விட்டு எடுத்தால் ஆயில் எதுவரை நனைத்திருக்கிறது என்று தெரியும். அதில் இரண்டு கோடு இருக்கும். கீழ்க் கோட்டுக்குக் கீழே போனால் எஞ்சினுக்குக் கேடு, மேல் கோட்டைத் தாண்டினாலும் கேடு. கண் தெரியாதவருக்குக் கோடு எப்படித் தெரியும்? அண்ணன் யாரும் கேட்காமலே அரத்தை எடுத்து அந்த இரண்டு கோட்டின் மேலும் விரலுக்குத் தட்டுப்படுகிற மாதிரி வெட்டுப் போட்டுக் கொடுத்தார். "இந்தா மச்சான், இனிமே இது ஒன் வேல" என்றார்.

அன்றிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் அது ஒரு வழக்கமாகிவிட்டது. நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து ஷெட்டின் சிமெண்டுத் தரையில் வண்டியை நிறுத்துவேன். மூன்று பேருக்கும் டீ வரும். ஓடிய ஆயில் மேலேயிருந்து கீழே இறங்கிச் சேர ஒரு டீ குடிக்கிற நேரம் ஆகும் என்பது அவர்கள் கணக்கு. டீ கிளாசைக் கீழே வைத்துவிட்டு இவர் எழுந்துபோய், பானெட்டைத் திறந்து, குச்சியை உருவித் துடைத்து மறுபடி விட்டு எடுத்து, கீழ் வெட்டிலிருந்து மெதுவாக விரலை மேலே நகர்த்துவார். ஆயில் முடிந்து காய்ந்த கம்பி ஆரம்பிக்கும் இடத்தில் விரல் நிற்கும். "நடுவுக்குக் கொஞ்சம் மேல" என்பார். மூன்று வருஷம் ஒரு தடவைகூடத் தப்பாகச் சொல்லவில்லை.

2009 மார்ச்சில் ஒருநாள் மதியம் இவர் ஷெட்டிலிருந்து கடைக்கு நடந்துபோயிருக்கிறார். ஒரு செருப்பு கழன்று விழுந்தது தெரியாமல் தார் ரோட்டில் நடந்து, கால் கொப்பளித்து வந்தார். கொப்பளித்ததும் தெரியவில்லை. டாக்டர் ஊசி முனையால் பாதத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டு, "காலில் உணர்ச்சி போய்விட்டது. நாளாக ஆகக் கைக்கும் வரலாம். கவனமாக இருங்கள்" என்றார். வீடு திரும்பும்வரை இவர் ஒவ்வொரு விரல் நுனியையும் கட்டை விரலால் தேய்த்துக்கொண்டே வந்தார். கண்ணுக்குப் பதிலாக அவருக்கு இருந்தது விரல். அதுவும் போய்விட்டால் என்ன செய்வது என்ற பயம் அன்று எங்கள் வீட்டுக்குள் வந்தது. இரண்டு பேருமே அதை வாய்விட்டுச் சொல்லவில்லை.

அந்தக் கோடை விடுமுறையில் எங்கள் தெருவில் சாக்கடையை உயர்த்திக் கட்டினார்கள். வீட்டுக்குள் வண்டி ஏற முடியாமல் போனதால் வாசலில் சிமெண்டில் ஒரு சாய்தளம் போட்டோம். வீட்டு முன்னிடம் சின்னது. அதனால் காரின் முன் பக்கம் மேலே தூக்கியபடியும் பின் பக்கம் தெருவை நோக்கி இறங்கியபடியும் நிற்கும். அதை நான் பெரிதாக நினைக்கவில்லை. ஏறி நின்றால் போதாதா?

ஜூனில் பள்ளிக்கூடம் திறந்ததும் ஒரு டீச்சர் அழாத குறையாக ஒரு கதை சொன்னாள். அவள் வீட்டுக்காரர் ஆயிலைக் கவனிக்காமலே ஓட்டி, எஞ்சின் இறுகிப்போய், வண்டி நடு ரோட்டில் நின்றுவிட்டதாம். எங்கள் வண்டி நின்றால் என் வேலை என்ன ஆவது, இவர் எங்கே போவது? அடுத்த திங்கட்கிழமை காலை, இவர் குளிக்கும் நேரத்தில், வாசலில் நின்ற காரின் பானெட்டைத் திறந்து ஆயில் குச்சியை நானே உருவிப் பார்த்தேன். கீழ் வெட்டுக்கும் கீழே இருந்தது ஆயில். மறுபடி துடைத்துவிட்டுப் பார்த்தேன். அப்படியேதான்.

வெள்ளிக்கிழமைதான் "நடுவுல இருக்குது" என்று சொல்லியிருந்தார். சனி, ஞாயிறு வண்டியை எடுக்கவே இல்லை. தரையில் ஒழுகின அடையாளமும் இல்லை. அப்படியானால் விரல்தான் தப்பாகச் சொல்கிறது என்று முடிவு கட்டிவிட்டேன். வாசலில் நின்றுகொண்டே எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஐயோ பாவம், கையும் போக ஆரம்பித்துவிட்டதே, இது தெரிந்தால் மனுஷன் உடைந்துபோவாரே என்று நினைத்தேன். அண்ணனிடமும் சொல்லவில்லை. சொன்னால் எப்படியும் இவர் காதுக்குப் போகும். அன்று சாயங்காலம் ஒரு டின் ஆயில் வாங்கி, வீட்டில் அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன். மறுநாள் காலை ஒரு பழைய எவர்சில்வர் டம்ளரில் அளந்து, மண்ணெண்ணெய்ப் புனலை வைத்து ஊற்றினேன். அடுத்த திங்கட்கிழமையும் பார்த்தேன், குறைவாகத்தான் தெரிந்தது. இன்னொரு டம்ளர். இப்படி வாரம் ஒரு டம்ளர். என்னைப் போல அருமையாகக் குடும்பம் நடத்துகிறவள் உண்டா என்று எனக்குள் ஒரு பெருமை வேறு.

இரண்டு மூன்று வாரத்தில் இவர் மாற ஆரம்பித்தார். மாத்திரையை அட்டையிலிருந்து தானே பிதுக்கி எடுப்பவர், "நீயே எடுத்துக் குடுத்துடு" என்றார். சட்டைப் பித்தானைப் போடுவதற்கு வெகுநேரம் எடுத்துக்கொண்டார். போட்ட பித்தானை மறுபடி தொட்டுத் தொட்டுப் பார்த்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட்டிலிருந்து வந்தால், கூடத்தில் தாம்பாளத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். துவரம்பருப்பையும் முழு உளுந்தையும் எடுத்து ஒன்றாகக் கொட்டி, இரண்டு குவியலாகப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"இன்னா வேலங்க இது? நல்லா இருந்த பருப்பக் கொண்டாந்து கலந்து வெச்சிருக்கீங்க!"

"சும்மாதான், பொழுது போவல" என்றார். "பிரிச்சுட்டேன். எங்கியாவது கலந்திருக்குதா பாரேன்."

"எனக்கு இருக்கற வேலைக்கு இது ஒண்ணுதான் கொறச்சல்!" என்று இரண்டு குவியலையும் ஒரே வழிப்பாக வழித்துப் பாத்திரத்தில் போட்டேன். "அடைக்கு ஊறப் போட்டுடறேன். கலந்தா இன்னா, கலக்காட்டி இன்னா?"

"ஆமா. ரெண்டும் ஒண்ணுதான்" என்றார். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். அன்று அடை நன்றாக வந்திருந்தது. இவர் ஒன்றுதான் சாப்பிட்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை டீ குடித்து முடித்த பிறகும் எழுந்திருக்கவில்லை. "போன வாரம்தான பாத்தோம். வுடு" என்றார். அண்ணன் வேறொரு வண்டிக்கு அடியில் படுத்திருந்ததால் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன், கவனித்து, நல்லதுதான், தப்பாகப் பார்ப்பதற்குப் பார்க்காமலே இருக்கட்டும் என்று நினைத்தேன். வீட்டுக்கு வரும் வழியில் வெள்ளாற்றுப் பாலத்தில் ஏறும்போது இவர் சொன்னார்: "திங்கட்கெழமைலேருந்து நான் வரல. வீட்லயே இருந்துக்கறேன்."

"அன்னிக்கு மாதிரி வுழுந்து கெடந்தா யாருங்க பாக்கறது?"

"ஷெட்ல இன்னா வேல எனக்கு? எங்க கெடந்தா இன்னா."

அப்படிப் பேசுகிற ஆள் இல்லை இவர். கண் போனபோதுகூட அப்படிப் பேசவில்லை. பயத்தில் எனக்கு என்ன வருமோ அதுதான் வந்தது, கோபம். "வரலன்னா நானும் லீவு போட்டுட்டு வீட்லயே குந்திக்கறேன், ரெண்டு பேரும் மூஞ்சிய மூஞ்சிய பாத்துக்கலாம்" என்று கத்தினேன். அந்த மிரட்டலுக்காகத்தான் திங்கட்கிழமை வண்டியில் ஏறினார்.

அந்தத் திங்கட்கிழமை காலையும் ஒரு டம்ளர் ஊற்றியிருந்தேன். புதுச்சத்திரம் தாண்டியதும் இவர் மூக்கை உறிஞ்சினார். "ஆயில் எரியுது. கண்ணாடில பாரு, பின்னால பொக வருதா?"

பார்த்தேன். பின்னால் ரோடே தெரியாத அளவுக்கு நீலமாகப் புகை. பின்னால் வந்த பஸ் ஆரன் அடித்துக்கொண்டு விலகிப் போயிற்று.

"எப்பிடிங்க வரும்? வாரா வாரம் பாக்கறேன்னு சொன்னீங்களே, இன்னாத்தப் பாத்தீங்க?" என்று கேட்டுவிட்டேன். யாருக்கும் தெரியக்கூடாது என்று ஒரு மாதமாக மூடி மூடி வைத்ததை என் வாயே போட்டு உடைத்துவிட்டது. இவர் வலது கையை இடது கையால் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். பள்ளிக்கூடத்துக்குப் போன் செய்து தாமதமாக வருவேன் என்று சொல்லிவிட்டு, முப்பதைத் தாண்டாமல் ஓட்டி ஷெட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

புகையைப் பார்த்ததும் அண்ணன் எஞ்சினை நிறுத்தச் சொன்னார். கொஞ்ச நேரம் ஆறவிட்டு, குச்சியை உருவி, துடைத்து, மறுபடி விட்டு எடுத்தார். "அடேங்கப்பா! மேல் வெட்டு முழுகிக் கெடக்குது. அரை லிட்டருக்கு மேல ஜாஸ்தி! எவன் ஊத்தினான் இத?"

நான் வாயைத் திறப்பதற்குள் இவர் முந்திக்கொண்டார். "ஜாஸ்தியா? மெய்யாலுமே ஜாஸ்தியாவா இருக்குது?"

"நீயே பாரேன் மச்சான்."

"நான் பாத்தேன்" என்றார் இவர். "நாலு வாரமாவே எனக்கு அப்படித்தான் தெரிஞ்சுது. வாரா வாரம் மேல மேல ஏறுச்சு. ஆயில் எறங்கும், எங்கியாவது ஏறுமா? அதான் சொல்லல, நடுவுலன்னே சொல்லிவெச்சேன். வெரல்தான் செத்துப்போச்சுன்னு நெனச்சேன். வெட்டு எங்க இருக்குதுன்னே தெரியாம எதையோ தடவிக்கினு இருக்கறேன்னு நெனச்சேன். கண்ணு போச்சு, காலு போச்சு, இதுவும் போச்சு, இனிமே ஒனக்கும் பாரம் அவளுக்கும் பாரம்னு…"

அப்போதுதான் எனக்குப் பித்தான் புரிந்தது, மாத்திரை புரிந்தது. தாம்பாளத்தில் பருப்பைக் கலந்து வைத்துக்கொண்டு மனுஷன் தன் விரலுக்குப் பரீட்சை வைத்திருக்கிறார். திருத்திக் கொடு என்று கேட்டதற்கு, முப்பது வருஷம் பேப்பர் திருத்திய நான் வழித்து ஊறப் போட்டிருக்கிறேன்.

"நான்தான் ஊத்தினேன்" என்றேன். "திங்கட்கெழம தோறும் ஒரு டம்ளர். குச்சில கொறவா தெரிஞ்சுது. உங்க வெரல் தப்பா சொல்லுதுன்னு நெனச்சுட்டேன். உங்களுக்குத் தெரிஞ்சா மனசு கஷ்டப்படுவீங்கன்னு…"

அண்ணன் என்னையும் காரையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "எங்க வெச்சு பாத்த தங்கச்சி?"

"வீட்டு வாசல்ல."

"புதுசா சாய்தளம் போட்டதா சொன்னியே, அதுலயா?" என்று தலையில் அடித்துக்கொண்டார். "யா அல்லா! தட்டச் சாய்ச்சுப் புடிச்சா கொழம்பு ஒரு பக்கம் ஓடுமா ஓடாதா? வண்டி மூக்கத் தூக்கிக்கினு நின்னா ஆயில் பின்னால ஓடிடும், குச்சில எப்படித் தெரியும்? ஊருக்கே கணக்குச் சொல்லிக்குடுக்கற டீச்சரு!"

எனக்கு அவர் சொன்னது காதில் விழுந்தும் விழாமல் இருந்தது. நான் இவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது. இவர் அண்ணன் பக்கம் திரும்பி, "அப்ப என் வெரலு நல்லாத்தான் இருக்குதா?" என்று கேட்டார்.

"எங்க ரெண்டு பேரு கண்ணவிட நல்லா இருக்குது மச்சான்."

என் பக்கம் திரும்பினார். "நல்லாத்தான் இருக்குதா?"

"நல்லாத்தாங்க இருக்குது. என் புத்திதான் நல்லா இல்ல" என்று சொல்லி, நாலு பேர் வந்து போகிற ஷெட் என்றும் பார்க்காமல் அழுதேன். வெட்கம் ஒரு பக்கம், சந்தோஷம் ஒரு பக்கம். எது எவ்வளவு என்று எனக்கே தெரியவில்லை.

அதிகமாக இருந்த ஆயிலை இறக்கும் வேலையை அண்ணன் தானே செய்யவில்லை. ஸ்பேனரை இவர் கையில் கொடுத்தார். "நான் நட்டப் புடிச்சுக்கறேன். எவ்ளோ எறக்கணும்னு நீ சொல்லு" என்றார். கொஞ்சம் வடிய விட்டு முடுக்குவார்கள். இவர் எழுந்து குச்சியைத் தடவிப் பார்த்து, "இன்னும்" என்பார். இரண்டாவது தடவையும் "இன்னும்". மூன்றாவது தடவை விரல் மேல் வெட்டில் வந்து நின்றது. "போதும்" என்றார். அண்ணன் குச்சியைத் துடைத்து விட்டு எடுத்து எனக்குக் காட்டினார். ஆயில் மேல் வெட்டைத் தொட்டுக்கொண்டு நின்றது. ஒரு நூல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஆயில் படிந்த ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிச் சுத்தம் செய்து போட்டதும், கொஞ்ச தூரம் ஓடிய பிறகு புகை நின்றுவிட்டது. எஞ்சினுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தச் சின்னக் கார் என்னை மன்னித்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். 2012-ல் நான் ஓய்வு பெற்று, அதை விற்கும் நாள் வரைக்கும் ஒருநாள்கூட எங்களை வழியில் நிறுத்தவில்லை. வெள்ளிக்கிழமை டீயும் நிற்கவில்லை. அதற்குப் பிறகு வீட்டு வாசலில் நான் பானெட்டைத் திறந்ததே இல்லை.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும், கைகால் கழுவிக்கொண்டு, தாம்பாளத்தை எடுத்தேன். ஒரு கை துவரம்பருப்பு, ஒரு கை முழு உளுந்து. நானே போட்டு நன்றாகக் கலந்து இவர் முன்னால் கொண்டுபோய் வைத்தேன். தொட்டுப் பார்த்ததுமே சிரித்துவிட்டார். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு பிரிக்க ஆரம்பித்தார். நான் எதிரே தரையில் உட்கார்ந்துகொண்டேன். அடுப்பு வேலை அப்படியே கிடந்தது. கிடக்கட்டும்.

வெகுநேரம் ஆயிற்று. முடித்துவிட்டுத் தாம்பாளத்தை என் பக்கம் நகர்த்தினார். "பாரு" என்றார்.

விளக்கைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு பருப்பாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். உளுந்துக் குவியல் சுத்தமாக இருந்தது. துவரம்பருப்புக் குவியலின் ஓரத்தில் ஒரே ஒரு உளுந்து கிடந்தது. அதைச் சத்தமில்லாமல் அந்தப் பக்கம் தள்ளிவிட என் கை போனது. போன கையை இழுத்துக்கொண்டேன்.

"ஒண்ணு தப்பு" என்றேன். "தொவரைல ஒரு உளுந்து கெடக்குது."

"ஒண்ணுதானா? நல்லா பாத்தியா?"

"நல்லா பாத்துட்டேன். ஒண்ணே ஒண்ணுதான்."

"எங்க, குடு."

அந்த உளுந்தை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். விரல் நுனியால் உருட்டி உருட்டிப் பார்த்தார். "ஆமா, உளுந்துதான்" என்று சொல்லி, தடவிப் பார்த்து, அதைச் சரியான குவியலில் தானே கொண்டுபோய்ப் போட்டார்.